எப்ப அடிக்குது?

தெஹிவளை மேம்பாலத்தின் ஏற்றத்தில்தான் முதன்முதலாகக் கேட்டது. கல்கிசையில் ஒரு கல்யாண வீட்டுக்கு என் ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அம்மா, பெரியம்மா, மடியில் ஒரு பலகாரப் பெட்டி. இரண்டாம் கியருக்கு இறக்கப் பஞ்சிப்பட்டு, மூன்றிலேயே ஏற்றிவிடலாமென்று அக்ஸிலேற்றரை முறுக்கினேன். பால்மா ரின்னுக்குள் நாலைந்து கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். உச்சிக்கு ஏறிச் சரிவில் இறங்கத் தொடங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. "கீழ ஏதோ கழண்டு கிடக்குது" என்றார் அம்மா. பெரியம்மா பலகாரப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

அடுத்த நாள் பாமன்கடைச் சந்தி ஓட்டோ ஸ்டாண்டில் விசாரித்தேன். "நொக் பண்ணுது" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. ஒருவர் 92 ஒக்டேனை விட்டு 95 அடிக்கச் சொன்னார். ஒருவர் தடித்த ஒயில் ஊற்றச் சொன்னார். மற்றவர் ஒரு நொடி காதைச் சாய்த்துவிட்டு, "கொன் ரொட் போச்சு" என்று கைவிரித்தார். அன்று மாலையே ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்தவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்கூடச் சொல்லவில்லை. சத்தம் எப்படி இருந்தது என்று நான் வாயால் செய்து காட்டியதைக் கேட்டுவிட்டு, முழுதாகக் கழற்ற வேண்டும், கிராங் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்த ஓட்டோவை நான் வாங்கிய விலையில் அது கால்வாசி.

கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கால்வாய்க் கரையோரம், தகரக் கூரைக்குக் கீழே. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை இன்னும் ஹை ஸ்ட்ரீட் என்றே சொல்கிற வயதுக்காரர் ஒருவர் வழி காட்டினார். அந்தத் தெருவில் குடியிருந்து சிங்கள நாவல்கள் எழுதிக் குவித்தவரின் பெயர் தெருவுக்கு வந்து பல காலமாயிற்று. பழைய வாய்களில் பழைய பெயர்தான். கராஜுக்குப் பெயர்ப் பலகை இல்லை. அதை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்குபவர், கையிலே எப்போதும் ஒரு துண்டுத் துணி. நான் அவரை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் ஓட்டோவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தம்பி, எப்ப அடிக்குது?"

விளங்காமல், "டொக் டொக் எண்டு" என்றேன்.

"எப்பிடி எண்டு நான் கேக்கேல்லை. எப்ப? ஏறேக்கையோ, இறங்கேக்கையோ? விடியக்காலமை ஸ்டார்ட் பண்ணின உடனையோ, சூடாகினாப் பிறகோ? ஆள் ஏத்தினாலோ, வெறுமையா ஓடேக்கையுமோ? அக்ஸிலேற்றரை விட்டால் நிக்குதோ, கூடுதோ?"

நான்கு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. மற்ற மூன்றுக்கும் பதிலோடு வரச்சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நாள் ரேடியோவைப் போடாமல் ஓடினேன். அந்த மூன்று நாளில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

எஞ்சினில் கேட்கும் தட்டல்களுக்கெல்லாம் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான், நொக். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது நாலு சத்தங்கள் குடியிருக்கின்றன. குளிரில் ஸ்டார்ட் பண்ணியதும் மொத்தையாகக் கேட்டு, சூடேறச் சூடேறக் குறைந்து மறைந்தால், பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறது. தேய்மானத்தால் வந்த இடைவெளியை வெப்பத்தில் விரிகிற பிஸ்டன் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆழத்திலிருந்து சுத்தியல் அடி போல வந்து, வேகத்தோடு கூடி, அக்ஸிலேற்றரை விடும் கணத்தில் இன்னும் பலமாக ஒருமுறை அடித்தால், கொன் ரொட்டின் பெயரிங். ஐட்லிங்கிலும் விடாமல், தையல் மெஷின் போல மெல்லிசாக டிக் டிக் என்றால், வால்வுகளை அமுக்கும் டப்பெட். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றும் என்பதால் டப்பெட்டின் தாளம் எஞ்சின் வேகத்தில் பாதி. மிருதங்கக்காரருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது.

நாலாவதுதான் உண்மையான நொக். அதிலே ஒரு விசித்திரம் உண்டு. இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் போலவே காதுக்குப் படும், ஆனால் அங்கே எதுவும் எதனோடும் மோதுவதில்லை. பிளக் பொறி கொடுத்ததும் பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி ஒரேயடியாக வெடிப்பதில்லை. தீ ஒரு முனையில் பற்றி, வினாடிக்குச் சில பத்து மீற்றர் வேகத்தில், காய்ந்த புல்வெளியில் பரவுவது போலப் பரவிப் போகிறது. அப்படிப் பரவும்போது மறுமூலையில் இன்னும் எரியாத மிச்ச ஆவி நெருக்குப்பட்டுச் சூடாகிறது. எரிபொருள் மட்டமானது, அல்லது எஞ்சின் கூடச் சூடானது, அல்லது பொறி முந்தி விழுகிறது என்றால், தீ வந்து சேருமுன்பே அந்த மூலை தானாக மொத்தமாகப் பற்றிவிடும். அந்த அதிர்ச்சியில் சிலிண்டர் மணி போல, வினாடிக்குப் பல ஆயிரம் தரம் அதிர்கிறது. எங்கள் காதில் விழுவது அந்த மணிதான். முறை வருமுன் எரிந்ததன் சத்தம்.

அதனால்தான் அண்ணையின் கேள்வி சரியான கேள்வி. இடம் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கிற சத்தம் அல்ல இது. அது பிழைத்த நேரத்தைச் சொல்கிறது. நேரத்தைச் சொல்கிற ஒன்றிடம் எப்போது என்றுதானே கேட்க வேண்டும்?

நாலாம் நாள் பதில்களோடு போனேன். ஏறும்போது, சூடானபின், ஆள் ஏற்றினால் மட்டும், அக்ஸிலேற்றரை விட்டால் உடனே நிற்கிறது. கூடவே, ஐட்லிங்கில் ஒரு மெல்லிய டிக் டிக் இருக்கிறது, அது எப்போதும் இருக்கிறது. "அப்ப ரெண்டு சத்தம்" என்றார். நான் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனது இரண்டாகத் திரும்பியது. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை ஹெட் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதின் முன் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற வைத்தியர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். அதற்கும் முன்னே 1761இல், விரலால் நெஞ்சைத் தட்டி நோயறியும் முறையை வியன்னாவில் எழுதிவைத்த அவுன்புருக்கர் ஒரு சத்திரக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர். பலாப்பழத்தைத் தட்டி வாங்குகிற, சட்டிபானையைச் சுண்டி வாங்குகிற ஊர்க்காரருக்கு இந்த வரலாறு புதினமில்லை.

பெரிய வாகனங்களில் ஒரு வசதி உண்டு. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரை நிறுத்தியபோது அடி குறைந்ததோ அங்கேதான் கோளாறு. ஓட்டோவுக்கு இருப்பது ஒரே சிலிண்டர். அதை நிறுத்தினால் சத்தமும் போகும், எஞ்சினும் போகும். அதனால் அண்ணை சாட்சிகளைத் தேடினார். ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பிடித்தார். பெயரிங் தேய்ந்திருந்தால் மினுக்கம் தெரியும், தெரியவில்லை. பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்த்தார். நல்ல எஞ்சினின் பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். இது கரியும் பொருக்குமாக இருந்தது. "ரொட் போகேல்லை. ஹெட்டை மட்டும் கழட்டுவம்" என்றார். கஸ்கட்டுக்கும் வால்வ் சீலுக்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போய்வரச் சொன்னார்.

திரும்பி வந்தபோது ஹெட் மேசையில் கிடந்தது. பிஸ்டனின் தலையிலும் ஹெட்டின் குழிவிலும் கரி அப்பியிருந்தது. அடுப்பில் நெடுநாள் கிடந்த சட்டியின் அடிப்பக்கம் மாதிரி. கரி இரண்டு வேலை செய்கிறது. இடத்தைப் பிடித்து, ஆவியை இன்னும் இறுக்கிப் பிழிய வைக்கிறது. தானே கனன்று, பொறிக்குக் காத்திராமல் பற்றவும் வைக்கிறது. அண்ணை இரண்டு கட்டை விரலாலும் பிஸ்டனை அமுக்கிப் பார்த்தார். கீழே எந்த ஆட்டமும் இல்லை. பிறகு மூங்கிற் சிலாம்பு ஒன்றைச் சீவி எடுத்துக் கரியைச் சுரண்டத் தொடங்கினார். பிஸ்டன் அலுமினியம். இரும்பு பட்டால் கீறும், கீறலில் கரி இன்னும் சுகமாகக் குந்தும்.

"இது எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில ஓடேக்கை பாத்த கரி மாதிரிக் கிடக்கு" என்றார்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பெற்றோல் போவது நின்றது. அதன்பிறகு யாழ்ப்பாணத்து எம்டி 90, சாலி மோட்டார் சைக்கிள்கள் ஓடியது மண்ணெண்ணெயில். பற்ற வைக்க மட்டும் சில துளி பெற்றோல். அந்தச் சின்னப் போத்தில் சட்டைப் பொக்கற்றிலேயே இருக்கும் என்றார். எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தோட்டத்து வோட்டர் பம்புகள் முன்பே அப்படி ஓடியவைதான். அந்த வித்தையை மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் மண்ணெண்ணெய் நெருக்கத்தைத் தாங்காது. கொஞ்சம் அழுத்தினாலே தானாகப் பற்றும். றோட்டு முழுக்க வெள்ளைப் புகையும் நொக் சத்தமும். அண்ணை ஒரு கஸ்கட் போடும் இடத்தில் இரண்டு போட்டு ஹெட்டை உயர்த்தி, நெருக்கத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். இழுவை குறையும், எஞ்சின் தப்பும். "சத்தம் கேட்டே எந்தச் சைக்கிள், ஆர் ஓடி வாறது, எவ்வளவு நாளைக்குத் தாங்கும் எண்டு சொல்லிப்போடுவன்." 1995 ஒக்டோபர் 30இல், போரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். அந்தக் காது அவரோடு கொழும்புக்கு வந்தது.

மண்ணெண்ணெய் என்றதும் எனக்கு வேறொரு கதை நினைவுக்கு வந்தது. பெற்றோலின் சரித்திரத்தையே திருப்பிப் போட்ட ஆராய்ச்சி தொடங்கியதும் மண்ணெண்ணெயில்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், சார்ல்ஸ் கெட்டரிங்கின் டெல்கோ நிறுவனம் கமக்காரர்களுக்காக மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கிகளைச் செய்தது. அவை பொல்லாத நொக். காரணத்தைத் தேடும் வேலை 1916 அளவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. பனிக்குக் கீழேயே பூக்கும் ஒரு செடியின் சிவந்த இலை வெப்பத்தை நன்றாக வாங்குகிறதாம். மண்ணெண்ணெயையும் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகுமே என்று இருவரும் எண்ணினார்கள். கைக்கெட்டிய சிவப்பு அயடீன். கலந்ததும் நொக் குறைந்தது. மற்றச் சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார்கள், குறையவில்லை. நிறத்துக்கும் நொக்குக்கும் சம்பந்தமே இல்லை, வேலை செய்தது அயடீன். பிழையான ஊகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு சேர்மானம் சேர்மானமாகச் சோதித்து, 1921 டிசம்பரில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டார்கள். துளியளவு போதும், நொக் அடங்கிவிடும். மதுசாரமும் நொக்கைத் தணிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஈயம் மலிவு, காப்புரிமைக்கும் உகந்தது. 1923இல் விற்பனைக்கு வந்தது. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளரில் ஐந்து பேர் சித்தம் கலங்கிச் செத்துப்போனார்கள். ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. ஐஸோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்குப் பூச்சியம் என்று கிரஹாம் எட்கர் 1926இல் வகுத்த அளவுகோலின்படிதான் இன்றைக்கும் பாமன்கடைப் பெற்றோல் ஷெட்டில் 92, 95 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை உயர்த்த உலகம் முழுக்க ஈயம் கலந்தார்கள். இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது 2002இல். உலகத்தின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

ஏறத்தாழ நூறு வருடம். அவ்வளவு காலமும் எஞ்சின்கள் நொக் இல்லாமல் ஓடின. அந்த அமைதிக்கான விலை புகையோடு வெளியேறித் தெருவோரம் விளையாடிய பிள்ளைகளின் இரத்தத்துக்குள் போனது. ஈயம் மூளையை, முக்கியமாக வளரும் மூளையை, சத்தமில்லாமல் அரிக்கிறது. நானும் 2002க்கு முந்திய கொழும்பில், காலி வீதிப் புகையில் வளர்ந்தவன். எஞ்சின் தட்டியிருந்தால் என் காதில் விழுந்திருக்கும். ஈயம் தட்டவில்லை.

இதை அண்ணையிடம் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பின்பக்கத் தகரத்தில் யாரோ தட்டினார்கள், இரண்டு தரம், இடைவெளி விட்டு ஒன்று. திரும்பிப் பாராமலே, "தேத்தண்ணி வந்திட்டுது, எடுங்கோ" என்றார். வந்தது தேத்தண்ணிதான்.

போர்க் காலத்தில் இந்த வெள்ளவத்தைப் பக்கத்து வீடுகளில் அப்படி ஒரு காது எல்லாருக்கும் இருந்தது. பக்கத்து வீட்டு அன்ரியின் தட்டல், தபால்காரரின் தட்டல், பூட்டைக் குலுக்கும் தட்டல், பூட்சுக் காலோடு வரும் தட்டல். 2007 ஜூன் 7 விடியற்புறம் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள், உடுப்பு அடுக்கக்கூட நேரமில்லாமல் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தட்டலையும் நாங்கள் எப்படி என்று கேட்டதில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டோம். பகல் பத்து மணிக்கென்றால் பொலிஸார் பதிவுப் புத்தகம் பார்க்க வந்திருப்பார்கள். விடிய நாலு மணிக்கென்றால் வேறு. சத்தம் ஒன்றுதான், நேரம் அதன் பொருளை மாற்றிவிடும்.

என் எஞ்சினுக்குள் அந்தக் கரி எப்படி வந்தது? அண்ணைக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, வெள்ளவத்தை நெரிசலில் நான் ஓடுகிற சின்னச் சின்ன ஓட்டம். எஞ்சின் ஒழுங்காகச் சூடேறிக் கரியை எரித்துத் தள்ள அவகாசமே கிடைப்பதில்லை. மற்றது, எனக்கு முந்திய சொந்தக்காரர் எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022ஐக் கடந்த விதம். அந்த ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்; ஷெட் வாசலில் நாள் கணக்காய் வரிசை. ஜூலையில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். ஓட்டோ ஓடிச் சாப்பிடுகிறவருக்கு ஐந்து லீற்றர் இரண்டு நாளைக்குக் காணாது. மிச்ச நாளைக்குப் போத்திலில் விற்றதை வாங்கியிருப்பார். போத்திலுக்குள் எவ்வளவு பெற்றோல், எவ்வளவு மண்ணெண்ணெய் என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? அந்த மனுசன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருப்பார். அந்தச் சோற்றின் கரியைத்தான் நான் மேம்பாலத்தில் கேட்டேன். 95 அடித்திருந்தால் சத்தம் அடங்கியிருக்கும்; கரி அப்படியே கிடந்து வளர்ந்திருக்கும். கிராங்கை மாற்றியிருந்தால் கரிக்கு ஒரு புதுக் கிராங் கிடைத்திருக்கும்.

பின்னேரம் ஹெட் ஏறியது. புதுக் கஸ்கட், புது வால்வ் சீல், பிளக். கராஜ் வாசலிலிருந்து தெஹிவளை வரை அண்ணையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மேம்பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏற்றச் சொன்னார். ஏறினேன். கூழாங்கற்கள் இல்லை. "இனி ரெண்டில ஏத்துங்கோ. ஏலாத பாரத்தை மூண்டில இழுக்கச் சொன்னால் ஆர்தான் கத்த மாட்டினம்" என்றார்.

திரும்பி வந்து நிறுத்தியபோது ஐட்லிங்கில் அந்த டிக் டிக் இன்னும் இருந்தது. முன்னையைவிடக் குறைவு, ஆனால் இருந்தது. டப்பெட்டை ஃபீலர் கேஜ் வைத்து அவர் அட்ஜஸ்ட் பண்ணியதை நானே பார்த்தேன். வால்வ் தண்டுக்கும் டப்பெட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி, மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அளவு. அதையும் இறுக்கிவிட்டால் சத்தமே இராதே என்று கேட்டேன்.

துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார்: "இறுக்கலாம். சத்தம் போயிடும். சூட்டில வால்வ் நீளேக்கை மூட இடமில்லாமல் நிக்கும். நெருப்பு அந்த நீக்கலுக்குள்ளால போய்ப் போய் வால்வ் எரிஞ்சு போம். எரியிறது உங்களுக்குக் கேக்காது. டப்பெட் கொஞ்சம் கதைக்க வேணும் தம்பி."

காசைக் கொடுத்துவிட்டு ஓட்டோவை எடுத்தேன். கால்வாயோரம் பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு நிற்கையில் பின்னாலிருந்து அந்தச் சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது, கிராங்கின் வேகத்தில் பாதித் தாளத்தில். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னும் ஏதோ கேக்குதே" என்றார். "எப்ப?" என்றேன்.